செஞ்சிக் கோட்டையும் நம் சிறுவர்களும்

தைத் திங்கள் மூன்றாம் நாளைக் காணும் பொங்கல் என்று கொண்டாடுவது தமிழகத்தின் வழக்கம். உற்றார் உறவினரைக் காண்பதும், ஊருக்கு வெளியே உள்ள இடங்களுக்குக் குடும்பத்தோடு சென்று பொழுது கழிப்பதும் அந்நாளுக்கு உரியவை. விழுப்புரம் மாவட்டத்தில் அன்று மக்கள் வெள்ளமெனத் திரளும் இடங்களுள் தலையாயது செஞ்சிக் கோட்டை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்றால் கோட்டை மதில்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். விழுப்புரத்திலிருந்தும் தொலைவு மிகுதியன்று. கட்டுச்சோற்று மூட்டையோடும் தண்ணீர்க் குடத்தோடும் வந்து இறங்கும் குடும்பங்கள், மரநிழலில் விரிப்பை விரித்து அமர்கின்றன. இளைஞர்கள் மலையேறுகிறார்கள். சிறுவர்கள் குரங்குகளுக்குப் பயந்தும் அவற்றைச் சீண்டியும் ஓடித் திரிகிறார்கள். சித்திரையில் இராசகிரி மலைமேல் உள்ள கமலக்கன்னியம்மன் கோயில் திருவிழாவின்போதும் கோட்டை மக்களால் நிறைகிறது. நம் குடும்பத்தார் பெருநாளை ஒட்டிய விடுமுறைகளிலும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்குச் செல்கின்றனர்.

இது நல்ல வழக்கமே. பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. ஆனால் அவ்வழைப்பு கண்ணுக்கு மட்டும் விடுக்கப்பட்டதன்று, சிந்தனைக்கும் விடுக்கப்பட்டது. கோட்டையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளை, தன் நெஞ்சில் எதைச் சுமந்துகொண்டு திரும்புகிறது என்பதே ஈண்டு நாம் கருத வேண்டிய செய்தி.

முன்பொரு முறை மாணவர் சிலரை அக்கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். தேசிங்கு ராஜன் கதையை யாரோ ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் என் அருகில் வந்து, மற்றவர் செவியில் விழாதவாறு கேட்டான்: "ஹஜ்ரத், தேசிங்கு ராஜாவைக் கொன்றவர்கள் நம்ம ஆளுங்களா?"

அவன் குரலில் இருந்த கூச்சம் எளிதில் மறக்கக் கூடியதன்று. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் நடந்த ஒரு போருக்காக இன்றைய சிறுவன் ஒருவன் தலை குனிய வேண்டுமா? அல்லது, அதற்கு மாறாக, வென்றவர் நம்மவர் என்று மார்தட்ட வேண்டுமா? இரண்டும் வேண்டா என்பதே வரலாறு தரும் விடை. அவ்விடையைச் சற்று விரிவாகக் காண்போம்.

மூன்று மலைகள், ஒரு கோட்டை

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளை மதில்களால் இணைத்து அமைந்தது செஞ்சிக் கோட்டை. மதிலின் மொத்தச் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மூன்றனுள் உயர்ந்த இராசகிரி ஏறக்குறைய 800 அடி உயரமுடையது. அதன் உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து ஆழ்ந்த பள்ளமாகக் கிடக்கிறது. அதன்மேல் போடப்பட்ட பாலத்தை எடுத்துவிட்டால், கீழே நிற்கும் படை எத்துணைப் பெரிதாயினும் உச்சியை எட்ட இயலாது.

அடிவாரத்தில் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கல்யாண மகால், வளைந்த கூரையுடைய நெற்களஞ்சியங்கள், ஆனைக்குளம், செட்டிக்குளம், சக்கரக்குளம் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். கோட்டையைக் காப்பது வாளும் பீரங்கியும் மட்டுமல்ல. உண்ண நெல்லும் குடிக்க நீரும் உள்ளே இருந்தால்தான் மதிலுக்கு மதிப்பு. மண்குழாய்கள் வழியே நீரைக் கொண்டுவந்த அக்காலத்துத் தொழிலாளரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆயினும் அரசர்களை வாழவைத்தவர்கள் அவர்களே.

மாறிய கொடிகள்

இக்கோட்டையின் தொடக்கத்தை 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட கோனார் குலத் தலைவர்களோடு இணைத்துச் சொல்லும் மரபு உண்டு. பின்னர் விஜயநகரப் பேரரசின்கீழ் நாயக்கர்கள் இதனைத் தலைநகராக்கிப் பெருக்கினர். 1597இல் இங்கு வந்த பிமெந்தா என்னும் ஏசு சபைப் பாதிரியார், தம் போர்த்துகல் நாட்டில் லிஸ்பனைத் தவிர இதனினும் பெரிய நகரம் இல்லை என்னும் கருத்துப்பட வியந்து எழுதினார். இன்று சிற்றூரின் அமைதியோடு கிடக்கும் செஞ்சியின் அன்றைய நிலை அது.

1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைக் கைப்பற்றியது. இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அப்படையில் தளபதியருள் ஒருவராக வந்தவர் ஷாஜி போன்ஸ்லே. இவர் மராட்டிய மன்னர் சிவாஜியின் தந்தை. முற்றுகை நடந்துகொண்டிருந்த 1648இலேயே தம் மேலவரின் ஐயத்துக்கு ஆளாகி இவர் சிறை செய்யப்பட்டார் என்பது வரலாறு. தந்தை எந்த அரசுக்காக இக்கோட்டையின்முன் நின்றாரோ, அதே அரசிடமிருந்து இதனை மகன் சிவாஜி 1677இல் பறித்தார். அப்போது சிவாஜிக்கு நட்பரசாக நின்று துணை செய்தவர் யார்? கோல்கொண்டாவின் குத்புஷாஹி சுல்தான் அபுல் ஹசன். இந்து அரசரும் முஸ்லிம் அரசரும் ஒரு பக்கம் நின்று, மற்றொரு முஸ்லிம் அரசின் கோட்டையைக் கைக்கொண்டனர். இதைச் சமயப் போர் என்று எவரால் சொல்ல முடியும்?

சிவாஜியின் மைந்தர் இராஜாராம், ஔரங்கசீப்பின் படைகளுக்குத் தப்பி 1689இல் செஞ்சியை வந்தடைந்தார். அடுத்த ஆண்டில் முகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் முற்றுகையைத் தொடங்கினார். முற்றுகை 1698 வரை நீண்டது. மழை, பஞ்சம், மராட்டிய தளபதியர் சந்தாஜி, தனாஜி ஆகியோரின் தாக்குதல் ஆகியவற்றோடு முகலாயரை உள்ளிருந்தே அரித்தது ஒருவர்மீது ஒருவர் கொண்ட ஐயம். ஔரங்கசீப்பின் சொந்த மகன் காம் பக்ஷ், எதிரியோடு கமுக்கமாகப் பேசினான் என்ற ஐயத்தால், தன் தந்தையின் தளபதிகளாலேயே காவலில் வைக்கப்பட்டான். முகலாயப் பாசறையில் தளபத் ராவ் என்னும் புந்தேலா இராசபுத்திரர் இருந்தார். அவரிடம் பணிபுரிந்த பீம்சேன் என்பவரே அம்முற்றுகையைப் பற்றிப் பாரசீக மொழியில் குறிப்பெழுதி வைத்தவர். ஔரங்கசீப்பின் போரைப் பாரசீகத்தில் எழுதி நமக்குத் தந்தவர் ஓர் இந்து என்பதும் நம் பிள்ளைகள் அறியத்தக்கது.

பின்னர் 1714இல் ஆர்க்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஹைதர் அலி என்று கொடிகள் மாறிக்கொண்டே இருந்தன.

துனிஸில் பிறந்து 1406இல் கெய்ரோவில் மறைந்த பேரறிஞர் இப்னு கல்தூன், அரசுகளுக்கும் மனிதர்களைப் போலவே ஆயுள் உண்டு என்றார். தலைமுறை ஒன்றுக்கு நாற்பது ஆண்டு என வைத்து, மூன்று தலைமுறையே பெரும்பாலான அரசுகளின் ஆயுள் என்பது அவர் கணக்கு. செஞ்சியில் அக்கணக்கை வைத்துப் பாருங்கள். பீஜப்பூர் 28 ஆண்டு. மராட்டியர் 21 ஆண்டு. முகலாயரின் கோட்டைத் தலைவர்கள் 16 ஆண்டு. நவாபுகள் 36 ஆண்டு. பிரெஞ்சுக்காரர் 11 ஆண்டு. ஹைதர் வரும்வரை ஆங்கிலேயர் 19 ஆண்டு. நாயக்கர்களுக்குப் பின் வந்த இவர்களுள் ஒருவர்கூட ஒரு முழுத் தலைமுறைக் காலம் இக்கோட்டையை வைத்திருக்கவில்லை. உயிரைக் கொடுத்துப் பிடித்த கோட்டையை ஒவ்வொருவரும் எத்துணை விரைவில் விட்டுச் சென்றனர்!

தேசிங்கும் நவாபும்

இனிச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். முகலாயர் செஞ்சியைப் பிடித்தபின் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்டவர் சுவரூப் சிங் என்னும் புந்தேலா இராசபுத்திரர். அவர் பேரரசர் ஔரங்கசீப்பின் ஊழியர். 1714இல் அவர் இறந்தார். வடநாட்டிலிருந்து வந்து தந்தையின் இடத்தில் அமர்ந்த மகன் தேஜ் சிங்கையே தமிழ் மக்கள் தேசிங்கு என்று அழைத்தனர். அப்போது அவனுக்கு வயது 22 என்பர்.

அதே காலத்தில் கர்நாடகத்தின் நவாபாக ஆர்க்காட்டிலிருந்து ஆண்டவர் சாதத்துல்லா கான். இவர் 1710 முதல் 1732 வரை பதவியிலிருந்தவர். நவாயத் குலத்தைச் சேர்ந்தவர். செஞ்சியிலிருந்து வரவேண்டிய வரி பல ஆண்டுகளாக நிலுவையில் இருந்தது. அதனைக் கேட்டபோது தேசிங்கு, ஔரங்கசீப் தன் தந்தைக்கு அளித்த ஃபர்மானைக் காட்டினான். ஔரங்கசீப் 1707இலேயே மறைந்துவிட்டார். புதிய பேரரசரின் ஒப்புதல் இல்லாமல் பழைய ஃபர்மான் செல்லாது என்பது நவாப் தரப்பின் வாதம். ஆக, வழக்கு இதுதான்: வரி நிலுவை எவ்வளவு? மறைந்த பேரரசரின் ஆணை செல்லுமா, செல்லாதா? இரு தரப்பாரும் டில்லிப் பேரரசையே தம் தலைமையாக ஏற்றவர்கள். இரு தரப்பாரின் கையிலும் இருந்தது பாரசீக மொழியில் எழுதப்பட்ட ஆவணங்களே. கோயிலோ பள்ளிவாசலோ வழக்கில் இடம்பெறவில்லை.

1714 அக்டோபரில் செஞ்சிக்கு அருகில் போர் நடந்தது. நவாபின் படை பல ஆயிரம். தேசிங்கோடு நின்றவர் சில நூறு குதிரை வீரர். முடிவு முன்பே தெரிந்த போர்தான். எனினும் அவ்விளைஞன் பின்வாங்கவில்லை. அவனுடன் போர்க்களத்தில் உயிர் நீத்தவர்களுள் ஒருவன் அவனுடைய உயிர்த் தோழன் மகபத் கான். தன் திருமணக் கோலத்தைக் களைந்துவிட்டு நண்பனுக்காகப் போருக்கு வந்தவன் என்று மக்கள் கதை அவனைப் போற்றுகிறது. செஞ்சிக்கு அண்மையில் உள்ள நீலாம்பூண்டியில் அவனுடைய அடக்கத்தலத்தையும், அதனருகே தேசிங்கின் குதிரையைப் புதைத்த இடத்தையும் ஊரார் இன்றும் காட்டுகின்றனர்.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். நவாபின் தளபதியருள் லாலா தோடர்மால் என்னும் இந்து இருந்தார். தேசிங்கு கதையில் தோன்றமல்லன் என்ற பெயரோடு வருபவர் இவரே. இவரைப் பற்றிக் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் கல்வெட்டு ஒரு செய்தி சொல்கிறது. போர்க்காலத்தின் அச்சத்தால் உடையார்பாளையத்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட வரதராசரின் திருவுருவை, 1710ஆம் ஆண்டு வாக்கில் காஞ்சிக்குத் திரும்பக் கொண்டுவர உதவியவர் இந்தத் தோடர்மாலே. நவாப் சாதத்துல்லா கானின் ஊழியர் ஒருவர், நவாபின் ஆட்சியிலேயே, இதனைச் செய்தார். நன்றி பாராட்டி அவருடைய உருவங்களைக் கோயிலில் வைத்திருக்கின்றனர்.

ஆகவே தேசிங்கின் பக்கம் ஒரு முஸ்லிம் உயிர் கொடுத்தான். நவாபின் பக்கம் ஓர் இந்து படை நடத்தினார். "நம்ம ஆளுங்களா?" என்ற கேள்விக்கு, "இரண்டு பக்கமும் நம்மவர்கள்தாம், இரண்டு பக்கமும் அவர்கள்தாம்" என்று விடை சொல்லலாம்.

கதையும் சான்றும்

ஹதீஸ் கலையில் நம் முன்னோர் இரண்டை எடை போட்டனர். செய்தியைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடர் ஒன்று. சொல்லப்பட்ட செய்தி பொருந்துகிறதா என்பது மற்றொன்று. இப்னு கல்தூனும் தம் முகத்திமாவின் தொடக்கத்திலேயே, பழைய ஆசிரியர்கள் படைகளின் எண்ணிக்கையை மிகைப்படுத்தியதைக் கண்டித்து, நம்பத் தகாததைப் பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்க வேண்டா என்றார். இந்த அளவுகோலை நம் ஊர்க் கதைக்கும் பயன்படுத்தலாம்.

டில்லிப் பாதுஷாவின் அடங்காத குதிரையைத் தேசிங்கு அடக்கினான் என்பது கதை. போர்க்களத்தில் தன் வாளையே வானில் எறிந்து, அது மார்பில் பாய ஏந்தி உயிர் துறந்தான் என்பதும் கதை. துப்பாக்கிக் குண்டுபட்டு வீழ்ந்தான் என்பது வரலாற்றாசிரியர் கூற்று. கதை பொய் என்று தள்ளிவிடலாமா? கூடாது. நிகழ்ச்சிக்குச் சான்றாக அது நில்லாது. ஆனால் மக்கள் மனத்துக்குச் சான்றாக நிற்கும். தெருக்கூத்திலும் பாட்டிலும் இக்கதையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த இவ்வட்டாரத்து உழவர்கள், தேசிங்குக்கு அடுத்த இடத்தை யாருக்குக் கொடுத்தார்கள்? ஒரு முஸ்லிம் தோழனுக்கு. அவனை அந்நியன் என்று அவர்கள் கருதியிருந்தால், அவன் பெயர் என்றோ மறைந்திருக்கும்.

தேசிங்கின் இளம் மனைவி கணவனோடு தீயில் மாய்ந்தாள் என்று மரபு கூறும். செட்டிக்குளக் கரையில் அவ்விடத்தைக் காட்டுகின்றனர். அவள் நினைவாக நவாப் அமைத்ததே ராணிப்பேட்டை என்பதும் வழிவழி வந்த செய்தி. பிள்ளைகள் கேட்கும்போது, அவ்வழக்கம் கொடியது, அது ஒழிந்தது நன்று என்பதையும் மறையாமல் சொல்லுதல் வேண்டும். வீரத்தைப் போற்றும்போது துயரத்தை அழகுபடுத்திக் காட்டக் கூடாது.

கோட்டைக்குள் பள்ளிவாசல்

கோட்டையினுள்ளே வேங்கடரமணர் கோயில் இருக்கிறது. சாதத்துல்லா கான் 1717-18இல் கட்டிய பள்ளிவாசலும் இருக்கிறது. அதில் பாரசீகக் கல்வெட்டுகளைக் காணலாம். மகபத் கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் ஒன்றும் உண்டு. வென்ற நவாபின் பெயரும், தோற்றவனின் தோழன் பெயரும் ஒரே கோட்டைக்குள் இரண்டு பள்ளிவாசல்களில் வாழ்கின்றன. இதைவிடச் சிறந்த பாடம் எந்தப் பாடநூலில் இருக்கிறது? ஆனால் நம் குடும்பங்களுள் பெரும்பாலோர் இவற்றைப் பாராமலே மலையேறிவிட்டு ஊர் திரும்புகின்றனர். பார்ப்பவருள் சிலரோ, சுவரில் கரியாலும் கல்லாலும் தம் பெயரைக் கிறுக்கிவிட்டு வருகின்றனர். இப்பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருந்தால் அதற்குப் பொறுப்பு நாமே.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் இராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் செல்வங்களாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தைச் சேர்ந்தவை. தமிழகத்திலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. இது நம் மாவட்டத்துக்குக் கிடைத்த பெருமை. அதில் நமக்கும் பங்குண்டு. மராட்டியர் என்ற பெயர் இக்கோட்டையின் 21 ஆண்டுகளைக் குறிக்கும். மற்ற ஆண்டுகளை எடுத்துச் சொல்லும் கடமை இங்கு வாழும் எல்லாருக்கும் உரியது.

திருநாளைத் திருநாளாக்க

பழைய கோட்டைகளில் திருநாள் கொண்டாடுவது பிற நாடுகளிலும் உண்டு. பிரான்சில் 1984 முதல் செப்டம்பர்தோறும் பழைய மாளிகைகளையும் கோட்டைகளையும் மக்களுக்குத் திறந்துவிடுகின்றனர். பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவும் அதனைப் பின்பற்றின. குடும்பம் குடும்பமாக மக்கள் சென்று, கல்தச்சரின் வேலையையும் பழைய சமையலறையையும் ஆவணங்களையும் கண்டு வருகின்றனர்.

ஆனால் விழா என்பதனாலேயே அது நன்மை தந்துவிடாது. ஸ்பெயினின் கிரனடா நகர் 1492 ஜனவரி 2இல் முஸ்லிம் அரசரிடமிருந்து கைப்பற்றப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளை அந்நகரம் விழாவாகக் கொண்டாடுகிறது. ஒரு சாராரின் வெற்றியை மற்றவரின் தோல்வியாக நினைவூட்டும் விழா தேவைதானா என்று அந்நகரத்தாருள்ளேயே பலர் எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றனர். அங்குள்ள அல்ஹம்ரா மாளிகையின் சுவர்களிலோ, அல்லாஹ்வையன்றி வெல்பவர் எவருமிலர் என்னும் பொருள்பட்ட வாசகம் திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டுள்ளது. அதைப் பொறித்த அரசர்களும் போயினர். அவர்களை வென்றவர்களும் போயினர். வாசகம் மட்டும் நிற்கிறது. செஞ்சியின் மதில்களும் எழுத்தில்லாமலே அதைத்தான் சொல்கின்றன.

ஏப்ரல் 18ஆம் நாள் உலக மரபு நாள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். இந்நாட்களிலோ காணும் பொங்கலன்றோ பெருநாள் விடுமுறையிலோ நம் ஊர் மதரஸாக்களும் பள்ளிகளும் ஜமாஅத்துகளும் சேர்ந்து பிள்ளைகளைச் செஞ்சிக்கு அழைத்துச் செல்லலாம். அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களையும் உடன் அழைப்பது சாலச் சிறந்தது. வெயில் ஏறுமுன் காலையிலேயே இராசகிரி ஏறிவிட வேண்டும். முதியோரும் கைக்குழந்தை உடைய தாய்மாரும் கல்யாண மகால் பக்கத்து நிழலில் அமரலாம். நண்பகலுக்குப் பின் நெற்களஞ்சியம், குளங்கள், கோயில், பள்ளிவாசல் என்று வரிசையாகப் பார்க்கலாம். பாரசீகம் படிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவர் கல்வெட்டைப் படித்துப் பொருள் சொன்னால், பிள்ளைகளின் கண்கள் மலர்வதைக் காணலாம். கூத்துக் கலைஞர் ஒருவர் தேசிங்கு கதையின் ஒரு பகுதியைச் சொல்ல, ஆசிரியர் ஒருவர் அதன் வரலாற்றைச் சொன்னால், கதைக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள். திரும்பும் வழியில் நீலாம்பூண்டிக்கும் ஒருமுறை சென்று வரலாம்.

அரசர்கள் வரிக்காகவும் எல்லைக்காகவும் போரிட்டனர். அவர்களுடைய கணக்கு அவர்களோடு முடிந்தது. அதைத் தீர்ப்பவன் இறைவன். அவர்களின் பகையை நம் பிள்ளைகளின் தோளில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை. அவர்கள் காட்டிய நட்பையும் உறுதியையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் மறைக்கவும் உரிமை இல்லை. செஞ்சிக்குச் செல்லும் ஒவ்வொரு பெற்றோரும் கட்டுச்சோற்றோடு இந்த வரலாற்றையும் எடுத்துச் செல்வார்களாக. உண்மையை உண்மையாகக் காணும் கண்ணை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக!